சமைப்பவரின் தட்டு



வயிற்றுக்கும் மனதுக்கும் உள்ள உறவைப் பேசும் ஆய்வுகளில் 2017-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒன்றை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். டீக்கின் பல்கலைக்கழகத்தின் ஃபெலிஸ் ஜாக்காவும் அவரது குழுவினரும் மனச்சோர்வு நோயால் அவதிப்பட்ட 67 பேரை இரு பிரிவாக்கினார்கள். அவர்கள் சத்துக் குறைவான சாப்பாடு சாப்பிட்டு வந்தவர்கள்; பெரும்பாலோர் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள். ஒரு பிரிவினரோடு உணவியல் நிபுணர் உட்கார்ந்து பேசி, பருப்பு, காய்கறி, பழம், முழுதானியம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று சாப்பாட்டை மாற்றினார். மற்றவர்களுக்கு அன்பாகப் பேச்சுத்துணை மட்டும். 12 வாரம் கழித்து, உணவை மாற்றியவர்களில் சுமார் 32 விழுக்காட்டினர் நோயின் பிடியிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்ற பிரிவில் 8 விழுக்காடுதான். சிறிய ஆய்வு, தமக்குக் கிடைப்பது எது என்பதும் பங்கேற்றவர்களுக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு அது பெரிய நம்பிக்கை.

எப்படி இது நடக்கிறது? குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு, கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. கீரையிலும் பயறிலும் உள்ள நார்ச்சத்தைக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது சில கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. அவை குடற்சுவரைக் காக்கின்றன, அழற்சியைத் தணிக்கின்றன. உடம்பின் செரட்டோனினில் 90 விழுக்காடு குடலில் சுரக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மைதான். ஆனால் அந்தச் செரட்டோனின் மூளைக்குள் நுழைவதில்லை. தயிர்சாதத்தை நம்பி, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

என் கவலை வேறு. மனம் சோர்ந்தவருக்கு அடுப்பைப் பற்றவைக்கவே கை வராது. நம் வீடுகளில் சோர்ந்திருப்பவரும் சமைப்பவரும் பல நேரம் ஒரே ஆள். எல்லோருக்கும் பொரியலும் கூட்டும் பரிமாறிவிட்டு, மூன்று மணிக்கு, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பை வழித்து, ஆறிய சோற்றில் பிசைந்து, ஊறுகாயோடு முடித்துக்கொள்கிற அம்மாக்கள் எத்தனை பேர்! பிறகு ஒரு டீ, இரண்டு பிஸ்கட். இரவுக்கும் அதேதான். காய் முழுக்க மற்றவர்கள் தட்டுக்குப் போய்விடுகிறது. "அம்மா ஏன் எப்போதும் சிடுசிடுக்கிறாள்?" என்று கேட்கும் பிள்ளைகள் அந்தத் தட்டை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டில் சமைப்பவர் எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்து எங்களுக்கு எழுதுங்கள். அவருக்கு முதலில் காய் எடுத்துவைத்த வீடுகளின் கடிதங்களை அடுத்த இதழில் ஆசையோடு வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்