வீட்டின் அளவை மோசமான மாதம் சொல்லட்டும்

சம்பளம் போட்ட மறுநாள் சாயங்காலம் மேல்பிரிவு லயத்து அக்கா ஒருவர் என் வாசலுக்கு வந்தார். கையில் பிள்ளையின் பழைய கொப்பி. அதன் நடுப்பக்கத்தில் மேசன் பாஸ் பென்சிலால் கீறிக் கொடுத்த வீட்டுப் படம். மூன்று அறை, ஹோல், குசினி, சாமியறை, முன்னால் இஸ்தோப்பு. மொத்தம் 1,100 சதுர அடி.

"டீச்சர், கடன் குடுக்கிற தம்பி நாளைக்கு வர்றாரு. கையெழுத்து வைக்கலாமா?"

அவர்களுக்கு 7 பேர்ச்சஸ் காணி காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் இருவருமே தோட்டத்தில் பேர் போடுகிறவர்கள். "உக்காருங்க அக்கா, கணக்குப் பார்ப்போம்" என்றேன். அன்று அந்தக் கொப்பியில் போட்ட கணக்கையே இங்கே எழுதுகிறேன். இது அநேகமாக உங்கள் வீட்டுக் கணக்கும்தான்.

2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. கூடுதல் கிலோவுக்கான கொடுப்பனவு எல்லா நாளும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அதனால் அதை விட்டுவிட்டோம். மாதம் 22 நாள் பேர் விழுந்தால் ஒருவருக்கு 29,700 ரூபா. ஈ.பி.எப். 8 சதவீதம், அதாவது 2,376 ரூபா போனால் மிச்சம் 27,324. இரண்டு பேருக்கும் 54,648 ரூபா. இது நல்ல மாதம்.

கொழுந்து இல்லாத மாதமும் வரும். அப்போது 15 நாள் பேர் விழுந்தாலே பெரிய காரியம். ஈ.பி.எப். கழித்து ஒருவருக்கு 18,630. இரண்டு பேருக்கும் 37,260 ரூபா.

அரிசி, மா, மரக்கறி, மின்சாரம், பிள்ளைகளின் பஸ் காசு, மருந்து, தோட்டத்துக் கழிவுகள் என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். கூட்டிப் பார்த்தால் 33,000 ரூபா. நல்ல மாதத்தில் மிஞ்சுவது 21,000 சொச்சம். மோசமான மாதத்தில் மிஞ்சுவது 4,000 சொச்சம்.

கடன் கொடுப்பவர் 21,000 ரூபாவைப் பார்க்கிறார். நாம் பார்க்க வேண்டியது 4,000 ரூபாவை. ஏனென்றால் தவணைத் தேதிக்கு மழையும் தெரியாது, பனியும் தெரியாது. நல்ல மாதத்து மிச்சம் வீண் போகாது. அதில் கல்லும் மணலும் வாங்கலாம், தபால் நிலையத்தில் போட்டு வைக்கலாம். ஆனால் அதைக் காட்டிக் கடன் எடுக்கக் கூடாது.

சரி, மாதம் 4,000 ரூபா ஐந்து வருடம் கட்டினால் மொத்தம் 240,000 ரூபா. குறைந்து செல்லும் மீதிக்கு வருடம் 15 சதவீத வட்டி என்றால், அந்தத் தவணைக்குக் கையில் கிடைக்கும் கடன் ஏறக்குறைய 168,000 ரூபா. மிச்சம் 72,000 வட்டிக்குப் போகும்.

இதற்கு எவ்வளவு வீடு வரும்? இந்திய வீடமைப்புத் திட்டத்தின் நான்காம் கட்டத்தில் 550 சதுர அடி வீட்டுக்கு 28 இலட்சம் ரூபா ஒதுக்கியிருக்கிறார்கள். சதுர அடிக்கு ஏறக்குறைய 5,090 ரூபா. அந்தக் கணக்கில் அக்காவின் 1,100 சதுர அடிக்கு 56 இலட்சம் வேண்டும். 168,000 ரூபாவுக்கு வருவது 33 சதுர அடி.

அக்கா நம்பவில்லை. தரையில் சோக்கட்டியால் கீறிக் காட்டினேன். ஆறடி நீளம், ஐந்தரை அடி அகலம். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். இரண்டு பேர் ஐந்து வருடம் மலை ஏறி இறங்கிக் கட்டும் கடனுக்கு இவ்வளவுதான் இடம்.

இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நானே இதில் விழுந்தவள். ஆசிரியர் நியமனம் கிடைத்த துணிவில் 900 சதுர அடிக்கு அத்திவாரம் போட்டேன். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்தபோது 2022 நெருக்கடி வந்தது. அதற்கு முந்தைய வருடத் தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய சீமெந்து மூடை ஏறக்குறைய மூன்று மடங்கானது. கூரைக்கு வைத்திருந்த காசு சுவருக்கே போதவில்லை. நகை அடகுக்குப் போனது. மூன்று மழைக்காலம் அந்தச் சுவர் நனைந்துகொண்டே நின்றது. கம்பி துருப்பிடித்தது. தவணை மட்டும் ஒரு மாதமும் நிற்கவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற நான் என் வீட்டுக் கணக்கைப் பிழையாகப் போட்டேன். அன்றைக்கு இரண்டு அறையோடு நிறுத்தியிருந்தால் அந்த மூன்று மழைக்கும் கூரைக்குக் கீழே இருந்திருப்போம்.

அப்படியானால் லயத்திலேயே கிடக்கச் சொல்கிறாயா என்று கோபப்படாதீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள் நான். கட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எதை முதலில் கட்டுவது என்று யோசித்துக் கட்டுங்கள்.

முதலில் மண். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் மேட்டை வெட்டாதீர்கள். கானுக்கும் பின்பக்க அணைச் சுவருக்கும் போகும் காசு ஊராருக்குத் தெரியாது, ஆனால் வீட்டைக் காப்பது அதுதான். அடுத்தது ஒரு அறை, குசினி, மலசலகூடம், அவற்றுக்கு முழுக் கூரை. அந்த அளவில் பூட்டுப் போட்டுக் குடியேறுங்கள். அடுத்த அறைக்கு எந்தச் சுவரை உடைக்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதே பாஸிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சிரமதானத்துக்கு ஆள் சேர்ந்தால் கூலியில் ஒரு பங்கு மிஞ்சும்.

கையெழுத்து வைக்கும் முன் வட்டியைக் கேளுங்கள். "மாதம் 2 சதவீதம்தான்" என்பார்கள். ஒரு இலட்சம் எடுத்து, முழுத் தொகைக்கும் கடைசி வரை அந்த வட்டியைப் போட்டு, இரண்டு வருடத்தில் கட்டினால் மாதம் 6,167 ரூபா வரும். நீங்கள் பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழு இலட்சத்துக்கும் வட்டி ஓடும். உண்மையில் அது வருடம் 40 சதவீதத்தைத் தாண்டிய வட்டி.

ஈ.பி.எப். பற்றியும் பலர் கேட்கிறீர்கள். பத்து வருடச் சேவையும் கணக்கில் குறைந்தது 3 இலட்சமும் இருந்தால் வீட்டுத் தேவைக்கு 30 சதவீதம் வரை எடுக்கலாம். 9 இலட்சம் இருந்தால் 270,000 வரும். அது கடனில்லை, தவணையும் இல்லை. ஆனால் அது உங்கள் முதுமைக் காலத்துச் சோறு. கூரைக்கு எடுங்கள். சாமியறைக்கு டைல்ஸ் பதிக்க எடுக்காதீர்கள்.

இவ்வளவும் நம் கையில் உள்ளவை. ஆனால் அந்த 33 சதுர அடி நமக்கு இன்னொன்றையும் சொல்கிறது. அக்கா ஊதாரி இல்லை. எந்தச் சிக்கனமும் 4,000 ரூபாவை வீடாக்காது. கொழுந்துச் சம்பளத்தில் மட்டும் ஒரு வீடு கட்ட முடியாது என்பதைக் கணக்கே நிரூபிக்கிறது. ஆகவே வீட்டு மானியம் யாரும் நமக்குப் போடும் பிச்சை இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குறைத்துக் கொடுத்த சம்பளத்தின் பாக்கி அது.

அந்தப் பாக்கி எப்படி வருகிறது பாருங்கள். 10,000 வீடுகள் என்று இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் அறிவித்தது 2017 மே மாதம். முதல் 1,300 வீடுகளின் வேலை தொடங்கியது 2024 பெப்ரவரியில். இடைப்பட்ட ஏழு வருடத்தில் ஏறிய சீமெந்து விலையை நாம் எல்லாரும் பார்த்தோம்.

காணி உறுதியும் அப்படியே. உறுதி கையில் இருந்தால் வங்கிக்குப் போய்க் குறைந்த வட்டியில் கடன் கேட்கலாம். இல்லாதபோது வாசலுக்கு வருகிற தம்பிதான் கதி. உறுதி இல்லாததற்கு நாம் கொடுக்கும் விலைதான் அந்த 40 சதவீதம்.

வேலை நாளும் அப்படியே. கூட்டு ஒப்பந்தக் காலத்தில் வருடத்துக்கு 300 நாள் வேலை என்ற உறுதிமொழி இருந்தது. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபா வந்தபோது கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகின. நாட்சம்பளம் ஏறினாலும் நாள் குறைந்தால் மோசமான மாதம் மோசமாகவே இருக்கும். உறுதியான வேலை நாள், கையில் காணி உறுதி, தாமதமில்லாத வீட்டு மானியம் ஆகிய மூன்றையும் நாம் ஒன்றாகக் கேட்க வேண்டும். தலைவர் கூட்டத்தில் இதைப் பேசும்போது நூறு வீட்டுக் கணக்கு கையில் இருந்தால் எந்தக் கம்பனியும் மறுத்துப் பேச முடியாது. உங்கள் வீட்டின் நல்ல மாதத்தையும் மோசமான மாதத்தையும் எழுதி மாதர் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கூட்டி வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

அக்கா மறுநாள் கையெழுத்து வைக்கவில்லை. கொப்பியில் இருந்த படத்தில் ஒரு அறையையும் குசினியையும் மலசலகூடத்தையும் மட்டும் பேனையால் கீறியிருக்கிறார். மிச்சத்தைப் பென்சிலிலேயே விட்டு வைத்திருக்கிறார்.