விவசாயிக்கு முதுகுவலி வராதாமே!

நகரத்துல இருந்து ஊர்ப்பக்கம் வர்ற நண்பர்கள் தவறாமச் சொல்ற ஒரு வசனம் இருக்குங்க. "நீங்க குடுத்து வெச்சவங்க. குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யறீங்க, முதுகுவலியே வராது. நாங்கதான் நாற்காலியில உட்கார்ந்து டிஸ்க் போயிக் கிடக்கிறோம்." நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா இது பொய். அந்தப் பொய்யால உங்களுக்கு நட்டமில்லை, எங்களுக்குத்தான் நட்டம். வலியே இல்லாதவனுக்கு வைத்தியம் எதுக்கு, சட்டம் எதுக்கு, நல்ல கருவி எதுக்கு?

முதல்ல அந்த "குனிஞ்சு நிமிர்ந்து" சமாச்சாரத்தைப் பார்ப்போம். நாற்று நடவுல குனியறது மட்டும்தான் உண்டு, நிமிரறது கிடையாது. காலையில வயல்ல இறங்கினா இடுப்பு மடிஞ்சபடியே பின்னால நகர்ந்துக்கிட்டுப் போகணும். இடுப்புப் பகுதியில அஞ்சு எலும்பு அடுக்கி இருக்கு. நடுவுல மெத்தை மாதிரி ஜவ்வு. குனிஞ்சே இருந்தா முன்பக்கம் நசுங்கி, ஜவ்வு பின்பக்கமாப் பிதுங்கும். அங்கதான் காலுக்குப் போற நரம்பு ஓடுது. அதனாலதான் இடுப்புல ஆரம்பிக்கிற வலி பின்தொடை, கெண்டைக்கால், பாதம்னு மின்சாரம் மாதிரி இறங்குது. எங்க ஊர்ல இதுக்குப் பேர் "வாய்வு". நடவுக்குப் போற அம்மாக்கள் பாதிப்பேர் வீட்டு மாடத்துல தைலப் பாட்டில் இருக்கும்.

இந்த ஜவ்வுப் பிதுக்கம் பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரத்துல, சில மாசத்துல அடங்கிடும்னுதான் டாக்டர்கள் சொல்றாங்க. ஒரே நிபந்தனை, அதுவரைக்கும் பாரம் தூக்கக்கூடாது, குனிஞ்ச வேலை கூடாது. மாதச் சம்பளக்காரர் லீவு எழுதிக் குடுப்பார். தினக்கூலிக்காரி யாருக்கு லீவு எழுதறது? ஒண்ணு மட்டும் எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. இடுப்புவலியோட சிறுநீர் அடைச்சுக்கிட்டாலோ, தொடை இடுக்குல மரத்துப் போனாலோ, பாதம் தூக்க முடியாம இழுத்தாலோ தைலத்தைத் தேடாதீங்க. அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

அடுத்தது மூட்டை. யூரியா மூட்டை 50 கிலோவா இருந்தது 2018-ல 45 ஆச்சு. சுமக்கிறவன் முதுகுக்காகவா? இல்லை, நாங்க யூரியாவை அளவு மீறிக் கொட்டுறோம்னு. அரிசி மூட்டை 2022-ல 25-ல இருந்து 26 கிலோ ஆச்சு. 25 கிலோ வரைக்கும் ஜிஎஸ்டி போட்டாங்க, வியாபாரிங்க ஒரு கிலோவைச் சேர்த்துக் கட்டித் தப்பிச்சுட்டாங்க. ஆக, மூட்டையோட எடையை மாத்த முடியும்னு நமக்கு நல்லாத் தெரியுது. வரிக்காக மாத்துவோம், உரக்கணக்குக்காக மாத்துவோம், முதுகெலும்புக்காக மட்டும் மாத்த மாட்டோம். வளர்ந்த ஆம்பளைக்கே 55 கிலோவுக்கு மேல கூடாதுன்னு உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-லயே பரிந்துரை எழுதி வெச்சிருக்கு. எங்க பக்கத்து மண்டியில 70, 75 கிலோ மூட்டை இன்னைக்கும் தோள் மாறிக்கிட்டுத்தான் இருக்கு.

கைக்கு வருவோம். கதிர் அறுக்கிறப்ப வலது கையில அரிவாள், இடது கையில கதிர்க்கத்தை. வெட்டு விழறது இடது கை விரல்ல. வெளியில பார்த்தா சின்னக் காயம். உள்ள விரலை மடக்குற தசைநார் அறுந்திருக்கும். மேல்தோலை மட்டும் தைச்சு அனுப்பிட்டா காயம் ஆறும், விரல் மடங்காது. அதனால வெட்டுப்பட்டா விரலின் ஒவ்வொரு கணுவும் மடங்குதா, நுனியில உணர்ச்சி இருக்கான்னு அங்கேயே பார்க்கச் சொல்லுங்க.

மாட்டுக்குத் தட்டு வெட்டுற மெஷின் இன்னும் மோசம். வாயில மூடி இல்லாமலே ஓட்டுறாங்க, சட்டை நுனி மாட்டினாக் கையோட இழுத்துக்கும். துண்டான விரலை நேரா ஐஸ்ல போடாதீங்க. ஈரமான சுத்தத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில கட்டி, அந்தப் பையை ஐஸ்ல வைங்க. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில கைக்காயத்துக்குன்னே 1971-ல தனிப்பிரிவு தொடங்கினாங்க. அரை நூற்றாண்டு தாண்டியும், அறுவைத்தொழிலே அதிகமா நடக்கிற கிராமத்துல இருந்து அந்த மாதிரி டாக்டரைத் தேடிப் போறதுக்குள்ள பொழுது போயிடுது.

பால் கறக்கிற என் வீட்டுக்காரம்மாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கை மரத்துப் போகும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். எழுந்து உட்கார்ந்து கையை உதறுவாங்க. மணிக்கட்டுக்குள்ள நரம்பு நெருக்கப்படுறதுதான் காரணம். கீபோர்டு தட்டுற உங்க நண்பர்களுக்கும் இதே தொல்லை உண்டு. நரம்பு ஒண்ணுதான். ஆனா அவங்க கம்பெனியில ஏத்தி இறக்குற நாற்காலியும், சாய்வான மேசையும் வாங்கித் தர்றாங்க. பதினாறு லிட்டர் மருந்து டேங்கை முதுகுல மாட்டி, ஒரே கையால நாள் முழுக்கப் பம்ப் அடிச்சுத் தோள் தசைநார் கிழிஞ்சவனுக்கு யார் என்ன வாங்கித் தர்றாங்க?

1923-ல வந்த இழப்பீட்டுச் சட்டத்தோட அட்டவணையில உறுப்புக்கு விலை இருந்துச்சு. கட்டைவிரல் போனா சம்பாதிக்கிற திறன்ல 30 சதவீதம் நட்டம், ஆள்காட்டி விரல் போனா 14, சுண்டுவிரல் 7. அந்த அட்டவணையில தேய்ஞ்ச முதுகுக்கு ஒரு வரிகூட இருந்ததில்லை. முப்பது வருசம் நட்டுக் கூன் விழுந்தவளுக்கு எந்த ரத்தமும் சொட்டலையே, எப்படி நிரூபிப்பா?

பாரம்பரியப் பெருமைக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். கட்டுப் போடறவங்க எல்லாரையும் குறை சொல்லலை. ஆனா குழந்தை விழுந்து முழங்கைக்கு மேல எலும்பு முறிஞ்சா, வீக்கத்து மேல இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நிக்கும். சில மணி நேரத்துல முன்கைத் தசை செத்துப் போகும். அப்புறம் ஆயுசுக்கும் விரல் மடங்கின கைதான். விரல் வெளுத்தாலோ, நீலம் பாரிச்சாலோ, குழந்தை விரலை நீட்டி விட்டா அலறினாலோ கட்டை உடனே அவிழ்த்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

நடவு மெஷின் வந்தப்ப "நடவுப்பாட்டு அழியுதே"ன்னு வருத்தப்பட்டவங்களும் நீங்கதான். பாட்டுப் பாடினதே வலி தெரியாம இருக்கத்தாங்க. மெஷின் வந்தா அந்த அம்மாக்களோட கூலி போகும்கிறது உண்மை. அதுக்குப் பதில் அவங்க இடுப்பை மடக்கியே வெச்சிருக்கிறது இல்லை. அந்த மெஷினை ஓட்ட அவங்களுக்குக் கத்துக்குடுங்க, குழுவா வாங்கக் கடன் குடுங்க.

நாங்க கேக்கறது பெருசில்லை. எந்த மூட்டையும் 25, 30 கிலோவுக்கு மேல கட்டாதீங்க. கைகாப்பு மூடி இல்லாத தட்டு மெஷினை விக்க விடாதீங்க. நின்னுக்கிட்டே களையெடுக்கிற கருவியை ஊருக்கு ஊர் வாடகைக்கு வைங்க. கூலிக்காரிக்கும் வேலையால வர்ற முதுகுநோய்க்கு இழப்பீடு எழுதுங்க. ஓட்டுக் கேட்டு வர்றவங்க கிட்ட நாங்க கேட்டா "உழவனுக்கு உடம்பு இரும்பு"ன்னு சிரிச்சுட்டுப் போயிடறாங்க. உங்க குரல் அவங்க காதுல விழும். அடுத்த தடவை யாராவது விவசாயிக்கு முதுகுவலி வராதுன்னு சொன்னா, தலையாட்டாம, எந்த ஊர் விவசாயின்னு கேளுங்க.