எதிரணியில் நிற்பவரும் நம் ஊராரே

தேர்தலை மக்களாட்சியின் திருவிழா என்பர் பெரியோர். ஆம்! கொடி, தோரணம், மேளம், ஒலிபெருக்கி, ஆரத்தித் தட்டு எனத் திருவிழாவின் அடையாளங்கள் யாவும் அதில் உண்டு. ஆனால் திருவிழாவில் ஊரார் அனைவரும் ஒன்றாய் வடம் பிடித்துத் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றனர். தேர்தலிலோ, முடிவு வெளிவந்த பின்னும் ஒரே தெருவில் வாழ்வோர் ஒருவர் முகத்தை மற்றவர் பாராமல் செல்லும் நிலை பல ஊர்களில் உண்டு. இந்நிலை ஏன் வந்தது? இதை மாற்ற மாணவியராகிய நாம் என்ன செய்யலாம்?

தேர்வாய் கண்டிகையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 2019ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் நடைபெற்றது. அத்தேர்தலில் ஒவ்வொருவருக்கும் நான்கு வாக்குகள். அவற்றுள் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. கட்சி இல்லாத இடத்தில் பகையும் இராது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அங்குதான் மனக்கசப்பு மிகுதி. சட்டமன்றத் தேர்தலில் எதிர்த்து நிற்பவர் எங்கோ இருப்பார். ஊராட்சித் தேர்தலில் அவர் நம் அடுத்த வீட்டுக்காரர். நம் மாமன், சித்தப்பன் முறை ஆகிறவர். நேற்று வரை நம் வீட்டு விசேஷத்திற்கு வந்து பந்தி பரிமாறியவர்!

இக்கசப்பினால் விளையும் நட்டம் யாருக்கு? இவ்வூரின் அண்மைக்கால வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். இங்கே சிப்காட் தொழில் வளாகம் அமைக்க 1,100 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் ஒதுக்கப்பட்டபோது, மேய்ச்சல் நிலத்தை இழக்க மனமில்லாத மக்கள் எதிர்த்துப் போராடினர். பெண்கள் அப்போராட்டத்தில் முன்நின்றனர். பின்னர் வளாகமும் வந்தது, தொழிற்சாலைகளும் எழுந்தன. 2020ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், 500 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. சென்னை மாநகரின் தாகம் தீர்க்க நம் பகுதி தன் நிலத்தைத் தந்திருக்கிறது. எனவே வேலை, நிலம், நீர் ஆகிய மூன்றிலும் அரசிடமும் ஆலைகளிடமும் நம் ஊர்கள் கேட்க வேண்டியவை பல உள்ளன. கேட்பதற்கு ஊர் ஒன்றாய் நிற்க வேண்டாமா? மனுவில் ஓரணியினர் கையெழுத்திட்டால் மற்ற அணியினர் இடமாட்டோம் என்பார்களாயின், அந்த மனுவை யார் மதிப்பார்கள்? தேர்தல் பகை நம் ஊரின் குரலையே இரண்டாகப் பிளந்துவிடுகிறது.

போட்டி என்றால் பகைதான் என்று சிலர் கூறுவர். நம் தமிழ்நாட்டுத் தலைவர்களின் வாழ்க்கை அதை மறுக்கிறது. 1954இல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராசரும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். வென்றவர் காமராசர். முதலமைச்சரானதும் அவர் என்ன செய்தார்? தம்மை எதிர்த்து நின்றவரையும் அவரை முன்மொழிந்தவரையும் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார்! எட்டே பேர் கொண்ட அச்சிறிய அமைச்சரவையில் அவ்விருவருக்கும் இடம் இருந்தது. தோற்றவரின் திறமை நாட்டுக்குப் பயன்பட்டது.

தந்தை பெரியாரை விட்டுப் பிரிந்து 1949இல் அறிஞர் அண்ணா தனிக் கட்சி கண்டார். அன்று தொட்டுப் பெரியார் அவர்களைக் கடுமையாகச் சாடி வந்தார். 1967 தேர்தலிலும் காங்கிரசையே ஆதரித்தார். ஆயினும் வெற்றி பெற்ற அண்ணா, திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டு வணங்கினார். பதினெட்டு ஆண்டுக் கசப்பு ஒரே சந்திப்பில் கரைந்தது. பெரியாரும் இராஜாஜியும் கொள்கையில் இரு துருவங்கள். 1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தபோது, தொண்ணூறு வயதைக் கடந்த பெரியார், சக்கர நாற்காலியில் சுடுகாட்டிற்கு வந்து கண்ணீர் விட்டார். தலைவர்கள் இவ்வாறு இருக்க, அவர்களுக்காக நாம் அண்டை வீட்டாரோடு சண்டையிடுவது பேதைமை அன்றோ?

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. தலைவர்கள் பெருந்தன்மை காட்டினால் செய்தித்தாள் பாராட்டும். சுவரில் சின்னம் வரைகிறவரும், வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுக்கிறவரும் காட்டும் பெருந்தன்மையை யார் பாராட்டுவார்? ஆயினும் ஊரின் அமைதி இவர்கள் கையில்தான் இருக்கிறது.

நற்செய்தியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. சமாரியர் ஊர் ஒன்று இயேசுவை ஏற்க மறுத்தது. உடனே யாக்கோபும் யோவானும், வானத்திலிருந்து நெருப்பு வந்து அவ்வூரை அழிக்கச் சொல்லலாமா என்று கேட்டனர். இயேசுவோ அவர்கள் பக்கம் திரும்பிக் கடிந்துகொண்டார். பின் அமைதியாக வேறோர் ஊருக்குச் சென்றார். அவர் கடிந்துகொண்டது எதிர்த்தவர்களை அல்ல, தம் ஆதரவாளர்களை! 2008இல் அமெரிக்கத் தேர்தலின்போது இதையொத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஒபாமாவைப் பற்றிப் பெண்மணி ஒருவர் தவறாகப் பேசத் தொடங்கினார். ஒபாமாவை எதிர்த்துப் போட்டியிட்ட மக்கேன் ஒலிவாங்கியை வாங்கி, ஒபாமா நல்ல குடும்பத்தலைவர், தமக்கும் அவருக்கும் கொள்கையில்தான் வேறுபாடு என்று தம் கூட்டத்தின் முன்னேயே மறுத்துரைத்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் வெளியிட்ட ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ என்னும் திருமடலில் அரசியலுக்கென்றே ஓர் இயலை ஒதுக்கி, அரசியலிலும் அன்புக்கு இடம் உண்டு என்று கற்பித்தார்.

அப்படியானால் தவறு செய்தவரைக் கேள்வி கேட்கக் கூடாதா என்று சிலர் வினவலாம். கேட்க வேண்டும், உரக்கவே கேட்க வேண்டும். தெருவிளக்கு ஏன் எரியவில்லை, குழாயில் ஏன் நீர் வரவில்லை என்று கேட்பது பகையன்று; அது குடிமக்களின் கடமை. தேர்தல் நடத்தை விதிகளும் இதையே கூறுகின்றன. கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றைக் குறை கூறலாம். தனி வாழ்க்கையைத் தாக்கக் கூடாது. பிறர் ஒட்டிய சுவரொட்டியைக் கிழிக்கக் கூடாது. பிறர் கூட்டத்தைக் குலைக்கக் கூடாது. எதிர்ப்பைக் காட்ட ஒருவர் வீட்டின்முன் கூடி ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாது. பொய்யென்று அறிந்தே ஒரு வேட்பாளரின் நடத்தையைப் பழித்து அறிக்கை வெளியிடுவது, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடான செயலாகும். சட்டம் தடுப்பது தீமையை மட்டுமே. அதற்கு மேல் நன்மை செய்வது நம் உள்ளத்தைப் பொறுத்தது.

பெண்களாகிய நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே நாளை வேட்பாளராக நிற்கப் போகிறவர்கள் நம்முள்ளும் இருக்கின்றனர். ஆண் வேட்பாளரின் செயலைக் குறை கூறுகிறவர்கள், பெண் வேட்பாளர் என்றதும் அவள் நடத்தையைப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். கைபேசியில் வரும் அவதூறு ஒரு மணி நேரத்தில் ஊர் முழுதும் பரவிவிடுகிறது. அதை மேலும் ஒருவருக்கு அனுப்பாமல் நம்மோடு நிறுத்திவிடுவது சிறு செயல்தான். ஆயினும் அது ஒரு குடும்பத்தின் மானத்தைக் காக்கும்.

வாக்குப்பதிவு நாளன்று வாக்குச்சாவடிக்குள் சற்று எட்டிப் பாருங்கள்! எல்லா அணிகளின் முகவர்களும் அடுத்தடுத்து அமர்ந்து நாள் முழுவதும் ஒரே வேலையைச் செய்கின்றனர். ஒருவர் வாங்கிய தேநீரை மற்றவர் பகிர்ந்து அருந்துவதும் உண்டு. சாவடிக்குள் இயலும் இச்செயல் தெருவில் இயலாதா? எதிரணியின் வண்டி நம் தெருவுக்கு வரும்போது நம் ஒலிபெருக்கியைச் சற்று நிறுத்துவோம். வெயிலில் வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கொடி பிடித்தாலும் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்போம். வென்ற அன்று தோற்றவர் வீட்டுமுன் பட்டாசு வெடிக்க வேண்டாம் என்று நம் அண்ணன் தம்பியரிடம் சொல்வோம். நம் பக்கத்தார் தோற்றால், வென்றவரை நேரில் கண்டு வாழ்த்துமாறு கூறுவோம். வகுப்புத் தலைவி தேர்தலிலிருந்தே இப்பழக்கத்தைத் தொடங்குவோம்.

கண்ணன்கோட்டை ஏரியும் தேர்வாய் கண்டிகை ஏரியும் ஒன்றாய் இணைந்தே இன்று ஒரு நீர்த்தேக்கமாய் விளங்குகின்றன. சின்னங்கள் பல ஆயினும் ஊர் ஒன்றே. வாக்குச் சீட்டில் பிரிந்து நிற்போம். வாழ்க்கையில் இணைந்து நிற்போம்!