முதலில் சரக்கு, அப்புறம் காசு!
பூத வேட்டைக்காரன் கெரால்ட் வழிவிட, வாளை எடுக்கிறாள் வளர்ப்பு மகள் சிரி! போலந்து நாட்டு சி.டி. பிராஜக்ட் கம்பெனி 2024 டிசம்பரில் "விட்சர்-4" வீடியோ விளையாட்டை அறிவித்தது. 2015-ல் வந்த மூன்றாம் பாகம், 2023-க்குள் 5 கோடி பிரதிகளைத் தாண்டிய சக்கைப்போடு. அடுத்தது எப்போ, எப்போ என்று ரசிகர்கள் துடிக்கிறார்கள்.

துடிக்கட்டும். ஆனால் முன்பணம் மட்டும் கட்ட வேண்டாம்.

இதே கம்பெனியின் "சைபர்பங்க் 2077" கதை மறந்து போச்சா? மூன்று முறை தேதி தள்ளி, 2020 டிசம்பர் 10-ல் வந்தது. முன்பதிவு மட்டும் 80 லட்சம்! விமர்சகர்களுக்கு முதலில் தந்தது கம்ப்யூட்டர் பிரதி மட்டுமே. பழைய பிளேஸ்டேஷனில் போட்டவர்களுக்கு ஆட்டம் பாதியிலேயே படுத்துவிட்டது. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கியது. பணத்தையும் திருப்பித் தந்தது. பிறகு அதைச் செப்பனிட வருடக்கணக்கானது.

தாமதம் குற்றமல்ல. மூன்றாம் பாகம்கூட 2014-ல் வர வேண்டியதுதான். தாமதமாக வந்தாலும் உருப்படியாக வந்தது. வேகாத சோற்றை இலையில் போடுவதுதான் குற்றம்.

எல்லா மெஷினிலும் ஓட்டிக் காட்டட்டும். அப்புறம் காசு கேட்கட்டும். வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?