சம்பாதித்த சாதகமும் சும்மா வந்த சாதகமும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் இறுதிச் சுற்றுகளை எங்கே நடத்தினால் என்ன, நல்ல அணி எங்கும் வெல்லும் என்கிறார்கள். சாட்சிக்கு 2012 ஜனவரியை இழுக்கிறார்கள்: நியூ ஆர்லியன்ஸ் அரங்கில், சொந்த மாநிலத்து மண்ணிலேயே, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் (எல்எஸ்யூ) அணி அலபாமாவிடம் 21–0 எனத் தோற்றது. உண்மைதான். ஆனால் அதே அரங்கில் 2004, 2008, 2020 ஆண்டுகளில் எல்எஸ்யூ பட்டம் வென்றதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஒரு தோல்வியைக் காட்டிச் சொந்த மண்ணின் சாதகமே இல்லை என்பது, குடை பிடித்தும் நனைந்தவனைக் காட்டி மழையே இல்லை என்பதைப் போன்றது.

காலிறுதியும் அரையிறுதியும் சுழன்றுவரும் ‘பௌல்’ எனப்படும் ஆறு பருவ இறுதி ஆட்டங்களின் ஊர்களைப் பாருங்கள்: பாசடீனா, கிளெண்டேல், ஆர்லிங்டன், நியூ ஆர்லியன்ஸ், அட்லாண்டா, மயாமி கார்டன்ஸ். வடக்கே ஒன்றுகூட இல்லை. குளிர் என்பார்கள், இண்டியானாபொலிஸில் கூரையுள்ள அரங்கம் உண்டு, 2022 இறுதிப்போட்டியே அங்கேதான் நடந்தது. மரபு என்பார்கள், ரோஸ் பௌலுக்கு அது பொருந்தும், பீச் பௌல் 1968இல்தான் பிறந்தது. தரவரிசையில் உயர்ந்த அணியின் கல்லூரி வளாகத்தில் ஆடினாலும் ஒருதலைச் சாதகம்தானே என்ற ஆட்சேபம் மட்டுமே கனமானது. ஆனால் அது பருவம் முழுதும் வென்று சம்பாதித்த சாதகம். வரைபடம் தரும் சாதகத்துக்கு யாரும் உழைக்கவில்லை. இறுதிச் சுற்றுகளின் 12 அணி முறை இதைத் தலைகீழாக்கியிருக்கிறது: ஐந்து முதல் எட்டாம் இடம்வரை உள்ளவர்களுக்குச் சொந்த வளாகத்தில் ஓர் ஆட்டம், முதல் நால்வருக்கு அதுவும் இல்லை. காலிறுதிகளையாவது வளாகங்களுக்கு மாற்றியாக வேண்டும்.