படம் எடுத்ததோடு முடியும் ஒப்பந்தங்கள்

பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியோடு பல்கலைக்கழகம் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டால் என்ன நடக்கும் என்பது பிள்ளைகளுக்கே இப்போது அத்துப்படி. வாசலில் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். துணைவேந்தர் வந்து தலைமையாசிரியருக்குப் பொன்னாடை போர்த்துவார். நாலு மரக்கன்று நடுவார்கள். ‘ஜியோ டேக்’ படம் எடுத்ததும் கார்கள் கிளம்பிவிடும். அந்தப் படம் போய்ச் சேரும் இடம் ‘நாக்’ தரமதிப்பீட்டுக் கோப்பு. ஆய்வு, புத்தாக்கம், விரிவாக்கம் என்கிற மூன்றாவது அளவுகோலின் கீழ் அதற்குக் கணக்கு உண்டு. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு இல்லை.

கூட்டுறவே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். இந்தக் கூட்டுறவு ஆய்வகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம்.

பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 20 மதிப்பெண்ணுக்கான பயிற்சி எப்படி நடக்கிறது? பல பள்ளிகளில் ஆய்வகப் பீரோவின் பூட்டு திறப்பதே தேர்வு நெருங்கும்போதுதான். குழாய் ஒழுகும் பியூரெட் ஒன்று, அதைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள். ஒரே சொட்டில் இளஞ்சிவப்பு வந்து நிற்கும் அந்தக் கணத்தை முன்னால் நிற்கிற இரண்டு பேர் பார்ப்பார்கள். மற்றவர்கள் அளவைக் கேட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையிலோ, செமஸ்டர் விடுமுறையில் மேசை மேசையாகப் பியூரெட்டுகள் தூசி படிந்து நிற்கின்றன.

அந்த ஆய்வகத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதைத் தர்மமாக நினைத்துச் செய்ய வேண்டியதில்லை. 2020-இல் மருத்துவப் படிப்பிலும், மறு ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. பியூரெட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளை நாளை உட்காரப் போவது உயர்கல்வி நிறுவனங்களின் வகுப்பறையில்தான். முதலாண்டு அரியர்களைப் பார்த்து அங்கலாய்ப்பவர்கள் முன்கூட்டியே பள்ளிக்கு நடந்து போகலாமே.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் செய்தது கவனிக்கத்தக்கது. மாநகரப் பள்ளி நிர்வாகத்தோடு கைகோத்து 2001-இல் தன் வளாகத்துக்கு அருகே அரசுப் பள்ளி ஒன்று திறக்கத் துணைநின்றது. தலைக்கு இவ்வளவு டாலர் என்று ஆண்டுதோறும் அந்தப் பள்ளிக்குப் பணமும் கொடுத்துவந்தது. பள்ளி சிறந்து விளங்கியது. கூடவே அதன் சேர்க்கை எல்லைக்குள் வீட்டு விலையும் ஏறியது. 2013 ஜனவரிக் குளிரில், மழலையர் வகுப்பு இடத்துக்காகப் பெற்றோர் நாட்கணக்கில் முன்னதாகவே நடைபாதையில் வரிசை கட்ட, நிர்வாகம் குலுக்கல் முறைக்கு மாறியது. எழுத்தில் உறுதியான பணம் ஒரு பள்ளியைத் தூக்கி நிறுத்தும். ஆனால் ஒரே பள்ளியைத்தான் நிறுத்தும்.

நமக்கு வேறோர் அச்சமும் இருக்கிறது. பி.எட். மாணவர்களுக்கு இரண்டாண்டுப் படிப்பில் 20 வாரப் பள்ளிப் பயிற்சி கட்டாயம். ‘அவர்கள்தான் வருகிறார்களே’ என்று முதுநிலை ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் இழுத்தடிக்க அரசுக்கு இது சாக்காகிவிடக் கூடாது. காலியிடம் உள்ள பாடத்துக்குப் பயிற்சி மாணவரைப் பதிலாள் ஆக்குவதில்லை என்பது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

‘தத்தெடுப்பு’ என்ற சொல்லையும் விட்டுவிடலாம். 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் தத்தெடுப்பதாக 2025 தொடக்கத்தில் எழுந்த சர்ச்சை மறந்திருக்காது. அப்படி எதுவும் இல்லை என்று பள்ளிக்கல்வி அமைச்சரே மறுக்க வேண்டியதாயிற்று. அரசுப் பள்ளி ஒன்றும் அனாதைப் பிள்ளை அல்ல.

ஆகவே, ஓராண்டு ஒப்பந்தம் வேண்டாம். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்வரை ஏழாண்டு வேண்டும். துணைவேந்தர் மாறினாலும் நிற்கிற மாதிரி, பொறுப்பு ஒரு துறையின் பெயரில் இருக்கட்டும். பல்கலைக்கழக ஆய்வகம் பிள்ளைகளுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது பள்ளியின் கால அட்டவணையிலேயே ஏறட்டும். பிள்ளைகளை அழைத்துப்போகும் பேருந்துக்கு யார் பணம் கட்டுவது? நல்ல திட்டங்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்தச் சில்லறைக் கேள்வியில்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், கையெழுத்துக்கு முன் தாளை வாங்கி அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பொன்னாடையோடு சேர்த்துத் தாளையும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.