அதற்குள் என்னதான் இருக்கிறது?

அஸர் தொழுகை முடிந்த பின்னர் கல்முனைக்குடிக் கடற்கரைப் பக்கமாகச் சற்றுக் காலாற நடந்து வருவது நமது நெடுநாளைய வழக்கம். கரைவலை இழுப்பு முடிந்து, மீன் ஏலமும் ஓய்ந்து, தோணிகளின் நிழல் மணலில் நீண்டு கிடக்கும் வேளை அது. சென்ற வாரமும் அவ்வாறே சென்றிருந்தோம். அங்கே நமக்கு அறிமுகமான முதியோர் நால்வர் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தனர். ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மற்றொருவர் மருதமுனையில் நாற்பது ஆண்டுகள் தறி நெய்தவர். ஏனைய இருவரும் வயற்காரர்கள். நெல் விலையில் தொடங்கிய பேச்சு, பேரப்பிள்ளைகளில் வந்து நின்றது.

"சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தாலும் கண் போனிலேதான் கிடக்கிறது. பாங்கு சொல்வதே காதில் விழுவதில்லை. நான் கூப்பிடுவதா விழப்போகிறது?" என்று அங்கலாய்த்தார் தறிக்காரர். தலைமையாசிரியரோ நம் பக்கம் திரும்பி, "பத்திரிகைக்கு எழுதுகிறவர் நீர், நீரே சொல்லும் தம்பி. அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று வினவினார்.

அக்கேள்வியில் ஏளனம் இருக்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பும் ஒருவரின் குரல் அது. உடனடியாக விடை கூற நம்மால் இயலவில்லை. ஆகவே இவ்வாரம் இப்பத்தியை அக்கேள்விக்கே ஒதுக்குகிறோம்.

விடையைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நமது இளமைக்குத் திரும்பினால் போதும். இன்று எழுபதைக் கடந்தவர்கள் ஒரு காலத்தில் வானொலிப் பெட்டியின் முன்னே தவங்கிடந்தவர்கள் அல்லவா? 1949 இல் ரேடியோ சிலோன் என்று பெயர் பெற்று, 1967 இல் கூட்டுத்தாபனமாக மாறிய அந்நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பு, மயில்வாகனன் முதல் அப்துல் ஹமீத் வரை எத்தனை குரல்களை நம் வீட்டுக் குரல்களாக்கிற்று! தபாலட்டையில் ஒரு பாடலின் பெயரை எழுதி, அதன் கீழே தம் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்பிவிட்டு, வாரக்கணக்காகக் காத்திருந்தோர் பலர். பெயர் ஒலித்த நாளில் அவர்கள் கால் நிலத்தில் பாவாது. பாடலை எவரும் எப்போதும் கேட்கலாம். கொழும்பிலிருந்து ஒருவர் தம் பெயரை உச்சரித்தார் என்பதும், அதை ஊரே கேட்டது என்பதும்தான் அவர்களுக்குப் பெரிதாயிருந்தது.

வானொலியோடு இது நின்றுவிடவில்லை. நம் பகுதியிலிருந்து ஆடவரும் பெண்டிரும் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்ற காலத்தில், கடிதம் எழுதத் தெரியாத தாய்மார் கசெட்டில் பேசிப் பதிவு செய்து அனுப்பினர். பேச்சின் நடுவே கோழி கூவும், கடப்படியில் யாரோ சலாம் சொல்வார்கள், கடைக்குட்டி அழுவான். அவை யாவும் பதிவாகிப் பாலைவனம் வரை சென்றன. அங்கே அதைப் பெற்றவர், தாயின் பேச்சைவிட அந்தக் கோழியின் கூவலைக் கேட்டே அதிகம் அழுதார் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம் பெயரைப் பிறர் சொல்லக் கேட்கும் ஆசை ஒன்று; தூரத்தே உள்ளவரின் வீட்டுச் சத்தத்தைக் கேட்கும் ஏக்கம் மற்றொன்று. இன்றைய பிள்ளையின் கையில் இருப்பதும் பெரும்பாலும் இவையே. 2004 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்களிடையே தோன்றிய பேஸ்புக், 2009 இல் உயர்த்திய பெருவிரல் போன்ற விருப்பக் குறியைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் வட்ஸ்அப்பும் பிறந்தது. 2014 இல் அதையும் பேஸ்புக் நிறுவனமே விலைக்கு வாங்கிற்று. அன்று தபாலட்டை அனுப்பி மூன்று வாரம் காத்திருந்தோம். இன்று பிள்ளை தன் படத்தை இட்டு மூன்று நிமிடத்தில் பதில் பெறுகிறான். ஆசை பழையது, வேகமே புதியது.

பேஸ்புக் தோன்றிய அதே 2004 ஆம் ஆண்டின் இறுதியில், டிசம்பர் 26 இல், நம் கரை கண்ட துயரை நாம் மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோரமெங்கும் வீடுகள் மணலாயின. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நமதே. அந்நாட்களில் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள், பெற்றோர் இருக்கின்றனரா இல்லையா என்றறியாமல் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் "என்ன சாப்பிட்டீங்க உம்மா?" என்று ஒரு மகள் தோஹாவிலிருந்து கேட்பது வீண்பேச்சன்று, "நீங்கள் இருக்கிறீர்களா?" என்பதே அக்கேள்வியின் பொருள்.

கடற்கரையிலிருந்து திரும்புகையில் தலைமையாசிரியர் நம்மைத் தேநீருக்கு அழைத்துச் சென்றார். உள்ளே அவருடைய துணைவியார், சீனிப் போத்தலில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு பாயில் அமர்ந்திருந்தார். கட்டாரில் நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. அங்கே பாடசாலை விட்டு வந்த பேரன் அன்று மனனம் செய்த சூறாவை ஓதிக் காட்டிக்கொண்டிருந்தான். ஓதி முடித்ததும், "மூத்தவாப்பா எங்கே?" என்றான். "பேப்பர் பார்க்கிறார் மகன்" என்றார் மூத்தம்மா.

மூத்தவாப்பா பேப்பர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பேரன் ஓதத் தொடங்கியதிலிருந்து முடிக்கும் வரை அவர் ஒரு பக்கத்தையேனும் புரட்டவில்லை என்பதை நாம் கவனித்தோம்.

பின்னர் மெதுவாகச் சொன்னார்: "இந்த ஊரில் பாதிப் பேருக்கு அகரம் எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். இப்போது பத்து வயதுப் பிள்ளையிடம் போய், எந்த இடத்தில் விரலை வைப்பது என்று கேட்க வேண்டுமாம். மனம் வரவில்லை தம்பி."

இதுவே நம் முதியோர் பலரின் உண்மை நிலை என எண்ணுகிறோம். வெறுப்பென்று வெளியே தெரிவது, உள்ளே கூச்சமாக இருக்கிறது. கற்பித்தே பழகியவருக்குக் கற்றுக்கொள்வது கடினம். ஆனால் பேரன் வளர்ந்துகொண்டிருக்கிறான். இன்று ஓதும் மழலைக் குரல் இன்னும் சில ஆண்டுகளில் இராது. கூச்சம் தெளியட்டும் என்று காலம் காத்திருக்குமா?

ஆயினும், முதியோரின் ஐயம் முழுவதும் கூச்சமே என்று சொல்லிவிட நாம் துணியோம். 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை இக்கரையில் எவர் மறந்தார்? முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கறியில் காணப்பட்ட ஒரு கட்டியை, பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மருந்து என்றார்கள். சிங்களம் சரிவர விளங்காத ஒருவரைக் கூட்டம் சூழ்ந்து மிரட்டிப் பெற்ற சொல், படமாகிக் கைக்குக் கை பறந்தது. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அக்கட்டி வெறும் மாவே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். உணவிற் கலந்து மலடாக்கும் அத்தகைய மாத்திரை உலகிலேயே இல்லை என வைத்தியர்களும் எடுத்துரைத்தனர். அதற்குள் மார்ச் மாதத்தில் திகனையிலும் கண்டியின் பிற பகுதிகளிலும் கலவரம் மூண்டுவிட்டது. அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றைச் சில நாட்கள் முடக்கிற்று. தமது தளம் அக்கலவரத்துக்குப் பயன்பட்டமைக்காக அந்நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கோரியது.

அந்நாட்களைப் பற்றிப் பேச்செழுந்ததும் மூத்தம்மா குறுக்கிட்டார். "எனக்கும் ஒன்று வந்தது மகன். யாரோ ஒருவருடைய பதறிய குரல். இரவைக்கு ஊருக்குள் வருகிறார்கள் என்றது. நான் ஆறு பேருக்கு அனுப்பிவிட்டேன். ஒருவரும் வரவில்லை. ஆனால் என் மருமகள் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அதை அனுப்பியது நான்தான்."

இதை அவர் தாமாகவே ஒப்புக்கொண்டமை நமக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்கிற்று. அன்பினாலேயே அனுப்பினார்; அச்சமே போய்ச் சேர்ந்தது.

ஆகவே இக்கருவியின் சூட்சுமங்கள் சிலவற்றை முதியோர் அறிந்திருத்தல் நன்று. முதலாவது, இதற்கு முடிவு கிடையாது. இப்பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் ஒன்றுண்டு. படித்து மடித்து வைத்துவிடலாம். போனில் விரலால் தள்ளத் தள்ளப் புதிது வந்துகொண்டேயிருக்கும். முடிவில்லாத அவ்வமைப்பை 2006 இல் வகுத்த ஏஸா ரஸ்கின் என்பவரே பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். பிள்ளை கண்ணெடுக்காதிருப்பது அவன் குணக்கேடு மட்டுமன்று. எழுந்துபோக விடாத வகையிலே சந்தை அமைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, நமக்கு முன் வந்து நிற்பது உண்மையானது என்பதற்காக வருவதில்லை. எதைக் கண்டு மனிதர் கோபமோ வியப்போ கொண்டு விரலசைக்கின்றனரோ, அதையே பேஸ்புக் போன்றவை முன்னே கொண்டுவந்து நிறுத்துகின்றன. கூட்டம் கூடும் கடையையே மேலும் மேலும் காட்டும் வழிகாட்டி போன்றது அது.

மூன்றாவது, வட்ஸ்அப்பில் வரும் செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி காணப்பட்டால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். அத்தகைய செய்தியை ஒரு தடவையில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மாத்திரமே அனுப்பலாம் என்று 2020 இல் அந்நிறுவனமே கட்டுப்பாடு விதித்தது. இரட்டை அம்பைக் கண்டால், கடப்படியில் நின்று முகந்தெரியாத ஒருவர் சொல்லும் கதையாக அதை எண்ணிக்கொள்ளுங்கள். "சொன்னவர் யார்? கண்டவர் யார்?" என்று கேட்பது நம் பெரியோருக்குக் கைவந்த கலை. பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கக் கூடியதும் அதுவே.

கருவியை ஒரேயடியாக அடைத்துவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளைத் தொடர்ந்து அவ்வாறு அடைத்தும் பார்த்தார்கள். சாய்ந்தமருதில் அந்தத் துயர இரவு கழிந்ததும் அந்நாட்களிலேதான். பொய் பரவும் வழியும் அடைபட்டது. பிள்ளையின் குரல் வரும் வழியும் அடைபட்டது. இரண்டுக்கும் வழி ஒன்றே என்பதுதான் இதன் சங்கடம்.

ஆதலின் வீடுதோறும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பது நமது கருத்து. எவ்விடத்தில் விரலை வைப்பது என்று பிள்ளை கற்றுக்கொடுக்கட்டும். எச்செய்தியில் விரலை வைக்கலாகாது என்று முதியவர் கற்றுக்கொடுக்கட்டும். இளைஞர்களே, பாட்டனார் ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டால் முகஞ்சுளிக்காதீர்கள். நீங்கள் அகரம் எழுதியபோது அவர் எத்தனை முறை கைபிடித்தார் என்று கேட்டுப் பாருங்கள். முதியோரே, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் போன் கூடாது என்று தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பிள்ளை அதில் என்ன பார்த்தான் என்றும் ஒருமுறை கேளுங்கள்.

நாம் விடைபெற எழுந்தபோது மஃரிபுக்கு நேரம் நெருங்கியிருந்தது. தலைமையாசிரியர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி துணைவியாரின் அருகே சென்றார்.

"அவன் ஓதியதை இன்னொரு முறை கேட்க வழியுண்டா?" என்றார்.

"இப்போது ஓதியது போய்விட்டது. நேற்று அனுப்பியது இருக்கிறது" என்றார் அவர்.

"அதைப் போடும். நீர் போட வேண்டாம். எங்கே அமர்த்துவது என்று காட்டும்."

நாம் கடப்பைத் தாண்டித் தெருவுக்கு வரும்வரை உள்ளிருந்து ஒரே வரி மூன்று தடவை திரும்பத் திரும்ப ஒலித்தது. விரல் தவறிப் படுகிறது போலும் என்று எண்ணிக்கொண்டே நடந்தோம்.